‘அகாக்-அகாக்’ வேண்டாம், அளந்து பார்!

பழைய கார் ஒன்றைச் சரிசெய்கிறேன் என்று சொன்னதும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, “எஞ்சின் ஓடுதா?” என்பதுதான். சித்தப்பா கேட்டார், பக்கத்து வீட்டு அக்கா கேட்டார், பள்ளித் தோழிகளும் கேட்டார்கள். 14 ஆண்டுகள் நகராமல் நின்ற காரிடம் அந்தக் கேள்வியை மூன்றாவதாகத்தான் கேட்க வேண்டும். “பிரேக் பிடித்தால் நிற்குமா?” என்பது முதல் கேள்வி. “சக்கரம் கழன்று போகாமல் இருக்குமா?” என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகு எஞ்சினைப் பற்றிப் பேசலாம்.

இந்த வரிசையை எனக்குச் சொல்லித் தந்தவர் தைப்பிங்கில் எங்கள் தாமானுக்குப் பின்புறம் குடியிருக்கும் ஓய்வுபெற்ற சீன மெக்கானிக். எங்கள் தெருவில் எல்லாருக்கும் அவர் ‘அங்கிள்’தான். என்னிடம் மலாயில் பேசுவார், திட்டும்போது மட்டும் தமிழ் வரும். நான் எதையாவது ஊகித்துச் சொன்னால் உடனே கையை ஆட்டி, “அகாக்-அகாக் வேண்டாம்” என்பார். நம் வீடுகளிலும் புழங்கும் சொல்தான் அது. ரசத்துக்குப் பாட்டி உப்புப் போடுவது அகாக்-அகாக். சமையலில் அது கைப்பக்குவம். பிரேக்கில் அது விபத்து.

கார், தாத்தாவுடையது. 1960-ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000. தோட்டத்தில் கிராணியாக இருந்தபோது பழைய காராக வாங்கியது. தாத்தாவுக்குக் கண் பார்வை குறைந்ததும் கார் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரைக்குக் கீழ் நின்றுவிட்டது. நான் எஸ்.பி.எம். எழுதி முடித்த வாரத்தில், பழைய இரும்பு எடுப்பவர் வந்து அப்பாவிடம் விலை பேசிவிட்டுப் போனார். “ரிசல்ட் வர்ற வரைக்கும் பொறுங்கப்பா” என்று கேட்டேன். அப்பா ஒப்புக்கொண்டார். அதுவரைதான் காருக்குத் தவணை.

வீட்டிலேயே திறக்கக்கூடிய கார்

மோரிஸ் மைனர் 1948-இல் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் ‘மினி’ காரை உருவாக்கியவரும் அவரே. மாதிரிக் கார் தயாரான பிறகு, அது ஒடுக்கமாக இருப்பதாக அவருக்குப் பட்டது. காரை நீளவாக்கில் இரண்டாக வெட்டச் சொல்லி, இரண்டு பாதிகளையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார். 4 அங்குல இடைவெளியில் நிறுத்தி, “இதுதான்” என்று முடிவு செய்தார். பானெட்டின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த 4 அங்குலத்தின் அடையாளம். 10 இலட்சத்துக்கு மேல் தயாரான முதல் பிரிட்டிஷ் கார் இதுதான்.

எங்கள் காரில் இருப்பது 948 சிசி, நான்கு சிலிண்டர் எஞ்சின். கணினி இல்லை, சென்சார் இல்லை. உரிமையாளரே பராமரிக்க வேண்டும் என்ற எண்ணத்தில் செய்யப்பட்ட வண்டி. பேட்டரி சோர்ந்துவிட்டால் முன்பக்கத்தில் கிராங்க் கம்பியைச் செருகிக் கையால் சுற்றி எஞ்சினைக் கிளப்பலாம். கார் பரவலாக விற்றதால் உதிரிப்பாகங்கள் இன்றும் புதிதாகவே செய்யப்படுகின்றன.

தொடங்கும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதன் நட்டுகள் அங்குல அளவில் உள்ளவை. வீட்டில் இருக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனர் பொருந்துவதுபோல் தோன்றும், அழுத்தித் திருகினால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். அங்கிள் தன் பழைய அங்குல ஸ்பேனர்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கொடுத்தார். கழற்றும் ஒவ்வொன்றையும் கழற்றுவதற்கு முன்பு கைப்பேசியில் படம் எடுத்தேன். நட்டுகளைத் தனித்தனிப் பைகளில் போட்டு எண் எழுதினேன். மூன்று மாதம் கழித்து மறுபடி பூட்டும்போது அந்தப் படங்கள்தான் துணை.

முதலில் நிற்க வேண்டும்

இந்தக் காரில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். மிதியை அழுத்தினால் ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கும் பிரதான சிலிண்டர் எண்ணெயைத் தள்ளும். அந்த அழுத்தம் குழாய் வழியே ஆறு சிறு சிலிண்டர்களுக்குப் போகும். முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு, பின் சக்கரம் ஒவ்வொன்றிலும் ஒன்று. அவை பிரேக் கட்டைகளை டிரம்மின் உட்புறத்தில் அழுத்தும். ஐந்தாம் படிவ இயற்பியலில் பாஸ்கல் கோட்பாட்டைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. அடைபட்ட திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும்.

தேர்வுத் தாளில் வராத விஷயம் வேறு ஒன்று இருக்கிறது. இன்றைய கார்களில் பிரேக் குழாய்கள் இரண்டு தனித் தொடர்களாக இருக்கும். ஒன்று கசிந்தாலும் மற்றொன்று காரை நிறுத்தும். மோரிஸ் மைனரில் இருப்பது ஒரே தொடர். ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். மிச்சம் இருப்பது பின் சக்கரங்களைப் பிடிக்கும் கைப்பிரேக் மட்டுமே. அதனால்தான் அங்கிள் எஞ்சினின் பக்கமே என்னைப் போகவிடவில்லை.

டிரம்மைக் கழற்றியபோது ஆறில் நான்கு சிலிண்டர்கள் துருவேறி இறுகியிருந்தன. ரப்பர் குழாய்கள் வெடித்திருந்தன. காரணம் பிரேக் எண்ணெய்தான். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் சேரச் சேர உள்ளே துருப்பிடிக்கும், எண்ணெயின் கொதிநிலையும் இறங்கும். டாட் 4 வகை எண்ணெய்க்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் கொதிநிலை இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 155 பாகை. இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் சூடேறி, எண்ணெயிலுள்ள நீர் ஆவியாகும். ஆவி நசுங்கும், திரவம் நசுங்காது. மிதி தரையைத் தொடும், கார் நிற்காது.

சிலிண்டர்கள், ரப்பர்கள், குழாய்கள் அனைத்தையும் புதிதாக மாற்றினோம். பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் தூசியைக் காற்றடித்து ஊதவில்லை. முகக்கவசம் அணிந்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டினேன். பிறகு பிரதான சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்கி, ஒவ்வொரு சக்கரத்திலும் காற்றை வெளியேற்றினோம். அம்மா மிதியை அழுத்த, நான் கீழே குழாயின் திருகைத் திறந்து மூட, எண்ணெயில் ஒரு குமிழிகூட வராத வரைக்கும் அது நடந்தது. கடைசியில் மிதியை ஒரு நிமிடம் முழுவதும் அழுத்திப் பிடிக்கச் சொன்னார் அங்கிள். மிதி கொஞ்சமும் இறங்கவில்லை. முதல் கேள்விக்குப் பதில் கிடைத்தது.

காருக்குக் கீழே வேலை செய்யும்போது ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் போகாதீர்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தூக்கிய பின் இரும்புத் தாங்கிகளை வைத்து, காரை அசைத்துப் பார்த்த பிறகே கீழே போக வேண்டும்.

சக்கரத்தைப் பிடித்திருக்கும் திருகு

மோரிஸ் மைனரின் முன் சக்கரங்களைத் தாங்கும் கிங் பின்னின் கீழ் முனையில் திருகுப் புரி இருக்கும். அது ‘டிரன்னியன்’ என்ற பாகத்துக்குள் திருகப்பட்டிருக்கும். நாம் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்தப் புரியில் உலோகம் உலோகத்தோடு உரசும். நடுவில் கிரீஸ் இருக்கும்வரை கவலை இல்லை. கிரீஸ் வற்றினால் புரி தேயும். முற்றிலும் தேய்ந்தால் இரண்டு பாகங்களும் பிரிந்து, சக்கரம் மடிந்து கார் ஒரு பக்கமாக உட்காரும்.

இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். வலப்பக்கம் இறுக்கமாக இருந்தது. இடப்பக்கம் ‘கடக் கடக்’ என்று ஆடியது. கழற்றிப் பார்த்தால், திருகுப் புரியின் கூர்முனைகள் கத்தி விளிம்புபோல் மெலிந்திருந்தன. இடப்பக்க கிரீஸ் துளையில் மண் அடைத்துக் கல்லாகியிருந்தது. கார் ஓடிய கடைசிக் காலத்தில் அந்தப் பக்கத்துக்கு கிரீஸ் போகவே இல்லை என்பது தெரிந்தது. தாத்தா ஓட்டிக்கொண்டிருந்த கார் அது. பின் இருக்கையில் பாலர் பள்ளிச் சீருடையில் நானும் உட்கார்ந்து போயிருக்கிறேன். அன்று இரவு அப்பாவிடம் அந்தப் புரியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ரெண்டு பக்கமும் புதுசா வாங்கிடு” என்றார். இரும்புக்காரரைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

எஞ்சினிடம் கேட்ட கேள்விகள்

இப்போது எஞ்சின். நீண்ட காலம் நின்ற எஞ்சினை உடனே ஸ்டார்ட்டரால் சுற்றக்கூடாது. உள்ளே பிஸ்டன் வளையங்கள் ஒட்டியிருந்தால் உடைந்துபோகும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சிறிது எண்ணெய் விட்டு நான்கு நாள் காத்திருந்தோம். ஐந்தாம் நாள் கிராங்க் கம்பியைச் செருகிக் கையால் மெல்லச் சுற்றினேன். இறுகியிருந்தது, பிறகு இளகியது, பிறகு சுற்றியது.

பெட்ரோல் எஞ்சின் ஓட மூன்று தேவை: தீப்பொறி, எரிபொருள், அழுத்தம். ஓடவில்லை என்றால் மூன்றில் ஒன்று இல்லை. எது இல்லை என்பதை ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

தீப்பொறி: டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட் மூடியிருக்கும்போது காயிலின் முதல் சுற்றில் மின்சாரம் ஓடிக் காந்தப்புலம் உண்டாகும். பாயின்ட் திறந்ததும் அந்தப் புலம் சட்டென்று குலையும். அந்த மாற்றம் இரண்டாம் சுற்றில் பல்லாயிரம் வோல்ட்டைத் தூண்டும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து பொறி பிறக்கும் விதம் இதுதான். ஐந்தாம் படிவத்தில் படிக்கும் மின்காந்தத் தூண்டலேதான். பாயின்ட்டின் இடைவெளி 0.015 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.38 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கண்ணால் அதைச் சொல்ல முடியாது. ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகடுகளின் தொகுப்பு தேவை. அதன் விலை ஒரு தட்டு நாசி கண்டார் அளவுதான் இருக்கும். கறுத்திருந்த பாயின்ட்டைத் துடைத்து, இடைவெளியை அளந்து வைத்ததும் நீல நிறத்தில் பொறி வந்தது. பேட்டரியை மாட்டும்போது ஒரு கவனம்: இந்தக் காரில் பேட்டரியின் நேர்முனைதான் காரின் உடலோடு இணையும். இன்றைய கார்களுக்கு நேர் எதிர்.

எரிபொருள்: டாங்கில் இருந்த பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடை அடித்தது. டாங்கை இறக்கிக் கழுவினோம். இதில் மின்சார பெட்ரோல் பம்ப் இருக்கிறது. சாவியைத் திருப்பினால் ‘டக் டக் டக்’ என்று அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் ஓய வேண்டும். சத்தமே வரவில்லை என்றால் மின்சாரம் போகவில்லை, அல்லது பம்பின் உள்ளே இருக்கும் பாயின்ட் கெட்டிருக்கிறது. ஓயாமல் அடித்தால் பெட்ரோல் வரவில்லை, அல்லது எங்கோ காற்று நுழைகிறது. ஓசையைக் கேட்டே நோயைச் சொல்லலாம். எங்களுடையது ஊமையாக இருந்தது. பம்பின் பாயின்ட்டைச் சுத்தம் செய்ததும் பேசத் தொடங்கியது.

அழுத்தம்: இங்கேதான் சிக்கல். அளவியை வைத்துப் பார்த்தபோது ஒன்று, இரண்டு, நான்கு என மூன்று சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டின. மூன்றாவது பாதிக்கும் குறைவு. விசாரித்த ஒரு பட்டறையில், “எஞ்சினை இறக்கி ஓவர்ஹால் பண்ணணும்” என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை காரின் விலையைவிட அதிகம்.

அங்கிள் ஒரு கரண்டி எண்ணெய் எடுத்து மூன்றாவது சிலிண்டரில் விட்டு, மறுபடி அளக்கச் சொன்னார். பிஸ்டன் வளையம் தேய்ந்திருந்தால் எண்ணெய் அந்த இடைவெளியை அடைத்து அழுத்தம் ஏறும். ஏறவில்லை என்றால் வால்வு சரியாக மூடவில்லை என்று பொருள். அளந்தேன். முள் அசையவே இல்லை. அப்படியானால் வால்வு. எஞ்சினை இறக்கத் தேவையில்லாமல், மேல்மூடியை மட்டும் திறந்தால் போதும்.

ஒன்பதின் கணக்கு

வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவே இந்த எஞ்சினில் 0.012 அங்குல இடைவெளி வேண்டும். மூன்றாவது சிலிண்டரின் புகைபோக்கி வால்வில் இடைவெளியே இல்லை. ராக்கர் எப்போதும் வால்வை அழுத்திக்கொண்டே இருந்ததால் அது முழுதாக மூடவில்லை, அழுத்தமும் தங்கவில்லை.

ஏன் இப்படி? ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்து எஞ்சின் இது. அந்த ஈயம் வால்வு உட்காரும் விளிம்பில் படிந்து தேய்மானத்தைத் தடுத்தது. மனித உடலுக்கு, குறிப்பாகக் குழந்தைகளின் மூளைக்கு, ஈயம் நஞ்சு என்பதால் அது பெட்ரோலிலிருந்து நீக்கப்பட்டது. நீக்கியது முற்றிலும் சரி. ஆனால் பழைய எஞ்சின்களில் அந்த விளிம்பு தேய்ந்து வால்வு மெல்ல உள்ளே இறங்கும், இடைவெளி குறைந்துகொண்டே வரும். அவ்வப்போது அளந்து சரிசெய்ய வேண்டும். நிரந்தரத் தீர்வு, பின்னாளில் கடினமான உலோக வளையங்களை அந்த விளிம்பில் பொருத்துவது.

எட்டு வால்வுகளையும் சரிசெய்ய ஓர் அழகான கணக்கு இருக்கிறது. வால்வுகளை முன்னிருந்து பின்னாக 1 முதல் 8 வரை எண்ணுங்கள். ஒரு வால்வு முழுவதும் திறந்திருக்கும்போது, அதனோடு கூட்டினால் 9 வரும் வால்வைச் சரிசெய்யுங்கள். 1 திறந்திருந்தால் 8, 2 திறந்திருந்தால் 7. எங்கள் பிரச்சினைக்காரன் 5-ஆம் எண். அதனால் 4 முழுதாகத் திறக்கும்வரை கிராங்கைச் சுற்றி, தகட்டைச் செருகி, திருகை மெல்லத் தளர்த்தி, தகடு லேசாக உரசி நகரும் இடத்தில் பூட்டு நட்டை இறுக்கினேன். மறுபடி அளந்தபோது மூன்றாவது சிலிண்டர் மற்ற மூன்றின் அருகே வந்திருந்தது. ஓவர்ஹால் வேண்டும் என்ற எஞ்சினுக்கு, ஒரு தகடும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் போதுமாக இருந்தன.

எஸ்.பி.எம். முடிவுக்கு ஒன்பது நாள் முன்பு, கதவுகள் திறந்த வெளியில் காரைத் தள்ளி நிறுத்தி, சாவியைத் திருப்பினேன். மூன்றாம் முயற்சியில் எஞ்சின் பிடித்தது. தாத்தா நாற்காலியிலிருந்து எழவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். “ஆக்சிலேட்டர விடு பாப்பா. தானா நிக்குதான்னு பாப்போம்” என்றார். விட்டேன். எஞ்சின் தானாக ஓடிக்கொண்டிருந்தது.

துரு பொய் சொல்லும்

எஞ்சின் ஓடியதோடு வேலை முடியவில்லை. மோரிஸ் மைனருக்குத் தனிச் சட்டம் கிடையாது. உடலே பாரத்தைத் தாங்குகிறது. ஆகவே தரையிலும் கதவின் கீழ் விளிம்பிலும் துரு இருந்தால் அது அழகுக் குறை அல்ல, பலக் குறை. தைப்பிங்கின் மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இரும்பு, நீர், உயிர்வளி மூன்றும் சேர்ந்தால் துரு. வேதியியல் பாடத்தில் ஒரு வரி, எங்கள் காரில் இரண்டு கை அகலத்துக்கு ஓட்டை.

அந்த ஓட்டை முதலில் கண்ணுக்குத் தெரியவில்லை. யாரோ எப்போதோ புட்டி பூசி, மேலே சாயம் அடித்திருந்தார்கள். ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றிக் காரின் மேல் நகர்த்திப் பாருங்கள். இரும்பு இருக்கும் இடத்தில் ஒட்டும், புட்டி இருக்கும் இடத்தில் வழுக்கும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பையில் வைத்திருக்க வேண்டிய கருவி இது.

வெல்டிங்கை நான் தொடவில்லை. உடலின் பலம் அதில் இருப்பதால் தேர்ந்த கை வேண்டும். பெட்ரோல் டாங்கை இறக்குவது, பேட்டரியைக் கழற்றுவது, தீயணைப்பானோடு பக்கத்தில் நிற்பது என் வேலை. எதை நாமே செய்யலாம், எதை மற்றவரிடம் கொடுக்க வேண்டும் என்று பிரித்துப் பார்ப்பதும் இந்தத் தொழிலின் ஒரு பகுதி. கார் இன்னும் சாம்பல் நிறப் பிரைமரோடுதான் நிற்கிறது. அடுத்தது வாகனப் பரிசோதனை, காப்புறுதி, சாலை வரி. அவை முடியும்வரை அது வீட்டு வாசலைத் தாண்டாது.

உங்கள் வீட்டில் தொடங்குங்கள்

நான் இப்போது பாலிடெக்னிக்கில் வாகனப் பொறியியல் டிப்ளோமா படிக்கிறேன். “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு கிரீஸ் வேலை?” என்று ஓர் அத்தை கேட்டார். நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள் தொழில்திறன் கல்விக்குப் போகக்கூடாது என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. மூன்றாவது சிலிண்டரில் எண்ணெய் விட்டு அளந்த அந்தச் சோதனையை யோசித்துப் பாருங்கள். ஒரு கருதுகோள், அதைச் சோதிக்க ஒரு வழி, கிடைத்த அளவு, முடிவு. ஆய்வுக்கூடத்தில் நாம் எழுதும் அறிக்கையும் இதே வடிவில்தான் இருக்கிறது. கை அழுக்காவதால் அதில் மூளைக்கு வேலை குறைந்துவிடவில்லை.

உங்களிடம் பழைய கார் இல்லாமல் இருக்கலாம். வீட்டில் ஒரு மோட்டார்சைக்கிள் இருக்கும். அதன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பாருங்கள். வெளிர் பழுப்பாக இருந்தால் நலம், கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது. சங்கிலியின் தொய்வைக் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். டயரின் காற்றை அளவியால் பாருங்கள். இவை ஒரு சனிக்கிழமைக் காலை வேலைதான்.

உங்கள் ஊரிலும் ஓர் அங்கிள் இருப்பார். எங்கள் அங்கிளுக்கு 78 வயது. எஞ்சின் ஓசையைக் கேட்டு எந்த வால்வு என்று சொல்லக்கூடியவர், சொல்லிவிட்டு உடனே தகட்டால் அளந்தும் பார்ப்பவர். இரண்டு பிள்ளைகளும் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். நான் போய்க் கேட்கும் வரை அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லையாம். இந்த விடுமுறையில் உங்கள் ஊர் அங்கிளைத் தேடிப் போங்கள். போகும்போது ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு ஃபீலர் கேஜும் கையில் இருக்கட்டும்.